எனக்குப் பதிலாக ஜெபித்த அக்காவுக்கு

அக்கா,

இன்று காலை விஜயநகரிலிருந்து மார்க்கெட்டுக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அம்மாள் கழுத்தில் நீலகிரித் தைலம் தேய்த்திருந்தார். ஜன்னல் காற்றில் அந்த வாசனை என்மேல் வந்தது. நாளெல்லாம் தையல் மெஷினில் குனிந்து பிடித்துப்போன கழுத்துக்கு நீங்கள் தேய்த்துக்கொள்வதும் அதுதான். இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் கடைசி நிறுத்தம்வரை போய், வாங்க வேண்டிய எதையும் வாங்காமல் திரும்பிவிட்டேன். வந்ததும் இதை எழுத உட்கார்ந்தேன்.

அப்போது நாம் இருந்த மண்டி மொஹல்லா சந்தில் கீழ்வீடு உங்களுடையது, மாடி எங்களுடையது. உங்கள் வீட்டுக்கார அண்ணன் ஆட்டோவை எடுத்துக்கொண்டு கிளம்பியதும் உங்கள் மெஷின் சத்தம் தொடங்கும். என் பியூலா பள்ளிக்கூடம் விட்டதும் மாடியேற மாட்டாள், நேரே உங்களிடம்தான் ஓடுவாள். துண்டுத் துணிகளைப் பொறுக்கி ஏதோ தைத்துத் தரச் சொல்லி நச்சரிப்பாள். உங்களுக்குப் பிள்ளை இல்லை. "அதான் கர்த்தர் மாடியில ஒண்ணை வச்சிருக்காரே" என்பீர்கள்.

அந்த மழைக்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்றுதான் இருந்தோம். மூளைக்காய்ச்சல் என்று டாக்டர் சொன்னபோது, அவள் என்னையே யாரோ போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். சபையில் உபவாசம் இருந்து ஜெபித்தார்கள். நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் முழங்கால் போட்டு, தெரிந்த வார்த்தையெல்லாம் சொல்லிக் கேட்டேன். என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்றும் கேட்டேன். அவள் பிழைக்கவில்லை.

அடக்கம் முடிந்து வீட்டில் கூடியிருந்தபோது, சபையிலிருந்து வந்த ஓர் அம்மாள் என் தோளைத் தொட்டு, "இன்னும் கொஞ்சம் விசுவாசத்தோட கேட்டிருக்கணும்மா" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்று இப்போது தோன்றுகிறது. அன்று நீங்கள்தான் எழுந்து நின்றீர்கள்.

"நானும் விசுவாசத்தோடதான் கேட்டேன், ஒரு குழந்தை வேணும்னு. கல்யாணமான நாள்லேர்ந்து கேக்கறேன். அப்ப எனக்கும் இதையே சொல்லுங்க பார்ப்போம்."

அந்த அம்மாள் எழுந்து போனார். நீங்கள் என் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். எனக்கு அது போதுமாக இருந்தது.

அதற்குப் பிறகு நான் கோயிலுக்கு வரவில்லை. ஜெபிக்கவுமில்லை. ஒரு சாயங்காலம் நீங்கள் மாடியேறி வந்து கேட்டீர்கள்.

"ஆண்டவர்மேல கோபமா?"

"கோபம்கூட இல்லக்கா. அவர்கிட்ட பேச எனக்கு ஒண்ணுமில்ல."

தரையில் உட்கார்ந்தீர்கள். "சரி, நீ பேச வேண்டாம். உனக்குப் பதிலா நான் பேசறேன். நீ சும்மா கூட இரு."

அன்றிலிருந்து மெஷினை மூடிவிட்டு தினமும் வந்தீர்கள். உங்கள் ஜெபம் பக்கத்து வீட்டுக்காரரோடு பேசுவது போல இருக்கும். "ஆண்டவரே, இவ உம்மோட பேசறதில்ல. ஏன்னு உமக்கே தெரியும். இன்னிக்கு ரெண்டு வாய் சாப்பிட்டா. ஸ்தோத்திரம்." சில நாள், "இன்னிக்கு ஒண்ணும் சாப்பிடல. தலையும் வாரல. நீர் என்ன பண்ணப் போறீர்?" என்று அவரையே அதட்டுவீர்கள். என் கண்ணீர் நின்றுவிடவில்லை, நம்பிக்கையும் திரும்பவில்லை. ஆனால் சாயங்காலமானால் மாடிப்படியில் உங்கள் செருப்புச் சத்தத்துக்குக் காத்திருந்தேன். அந்த நாட்களில் நான் காத்திருந்தது அது ஒன்றுக்குத்தான்.

பிறகு அந்தச் சத்தமும் குறைந்தது. மாடியேற முடியவில்லை என்றீர்கள். வயிற்றில் கட்டி என்று தெரிந்தபோது, அறுத்தாலும் பலனில்லை என்று சொல்லிவிட்டார்கள். வார்டில் நர்ஸ் கஞ்சியை நீட்டி, "ஸ்வல்ப குடீரி அக்கா" என்று, கொஞ்சமாவது குடிக்கச் சொல்லிக் கன்னடத்தில் கெஞ்சுவாள். அந்த "ஸ்வல்ப"கூட உங்களுக்கு இறங்காது. வலி வந்தால் உடம்பே வில்லாக வளையும். ஊருக்கெல்லாம் ஜெபித்த வாய் கட்டில் கம்பியைக் கடித்துக்கொண்டிருப்பதை நான் பார்த்தேன்.

அப்படி ஒரு வலி அடங்கிய மத்தியானத்தில் என் கையைப் பிடித்தீர்கள்.

"எனக்கு ஜெபம் வர மாட்டேங்குது. ஆண்டவரேன்னு ஆரம்பிக்கறேன், வலி வந்து எடுத்துட்டுப் போயிடுது. நீ சொல்லு."

"என்னால முடியாதுக்கா. நான் பேசி எத்தனை காலமாச்சு."

"தெரியும். சொல்லு."

அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். கடைசியில், "ஆண்டவரே, அக்கா இன்னிக்கு ஒரு ஸ்பூன் கஞ்சி குடிச்சாங்க" என்றேன். அதற்குமேல் வரவில்லை. நீங்கள் கண்ணை மூடியபடி, "போதும்" என்றீர்கள்.

அது போதவில்லை அக்கா. ஒரு தடவை வாய் திறந்துவிட்டதால் எனக்குள் ஆசை வந்துவிட்டது. அதன் பிறகு கேட்டேன், வெட்கமில்லாமல் கேட்டேன். பியூலாவை எடுத்துக்கொண்டீர், இவர்களையாவது விட்டுவிடும் என்று கேட்டேன். இந்தத் தடவையும் இல்லை என்றுவிட்டார். கடைசி நாட்களில் நீங்கள் என்னையும் அறியவில்லை. வலி மட்டும் உங்களை விடாமல் அறிந்து வைத்திருந்தது. அமைதியாகப் போனீர்கள் என்று போதகர் அடக்க ஆராதனையில் சொன்னார். நீங்கள் அமைதியாகப் போகவில்லை. நான் அங்கே இருந்தேன்.

நீங்களும் இல்லாத அந்தச் சந்தில் இருக்க முடியாமல் நாங்கள் விஜயநகருக்கு வீடு மாறினோம். போன வாரம் அண்ணனைப் பார்க்கப் போனேன். கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு நின்றார். தாடி வளர்ந்திருந்தது. என் கைப்பையில் பைபிள் இருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ, அதைப் பார்த்து, "ஜெபம் பண்ண வந்தியா தங்கச்சி? பேடம்மா. வேண்டாம்" என்றார்.

"இல்லண்ணா. பார்க்கத்தான் வந்தேன்."

"அவ ஆயுசெல்லாம் ஜெபம் பண்ணாளே, என்ன கிடைச்சுது அவளுக்கு?"

என்னென்னவோ சொல்லியிருக்கலாம். பரலோகத்தில் சுகமாக இருக்கிறார்கள் என்று சொல்லியிருக்கலாம். எனக்குத் தெரியாததை அவரிடம் சொல்ல மனம் வரவில்லை.

"கேட்டது ஒண்ணும் கிடைக்கலண்ணா. எனக்கும் கிடைக்கல."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு கதவிலிருந்து கையை எடுத்து வழிவிட்டார்.

உள்ளே போய் உட்கார்ந்தேன். டீ போட்டுக் கொடுத்தார், சர்க்கரை போட மறந்திருந்தார். இரண்டு பேரும் அப்படியே குடித்தோம். கிளம்புவதற்கு முன்னால், அவரிடம் கேட்காமலே, கண்ணைக்கூட மூடாமல் சொன்னேன்: "ஆண்டவரே, நாங்க ரெண்டு பேரும் இங்க இருக்கோம். நீர் செய்தது எங்களுக்குப் புரியல. அண்ணன் ஒழுங்காச் சாப்பிடறதில்ல."

அவர் தலை குனியவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னை நிறுத்தச் சொல்லவுமில்லை.

நீங்கள் எனக்கு விட்டுப்போனது இவ்வளவுதான் அக்கா. பதில் வரும் என்று நம்பி நான் கேட்கவில்லை. கேட்காமல் இருக்கவும் இப்போது முடியவில்லை. அன்று அண்ணன் ஆமென் சொல்லவில்லை. எனக்கும் சொல்ல வாய் வரவில்லை. அப்படியே எழுந்து, அடுத்த வாரம் வருகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.