நைனாவின் தொடையில் ப்ளேட்டா, ராடா?

அன்பு மச்சான் சேகர்,

நீ போய்ச் சேர்ந்து தப்பிச்சிட்டடா. உன் நைனாவோட மல்லுக்கட்ட என்னை விட்டுட்டுப் போயிட்ட.

சொன்னாக் கேக்காம மழையில மொட்டை மாடிக்கு ஏறி, டேங்க்ல தண்ணி எவ்ளோன்னு பாக்கப் போனாரு. வழுக்கி விழுந்ததுல முட்டிக்குக் கொஞ்சம் மேல தொடை எலும்பு துண்டு துண்டாப் போச்சு. "அறுக்கறதுன்னா நான் வரல. கட்டு கட்டி உடு, தானா ஒட்டிக்கும்" னு ஒரே பிடிவாதம். திருமுல்லைவாயில் தெருவே கேக்கற மாதிரி கத்தித்தான் ஆம்புலன்ஸ்ல ஏத்தினேன்.

முதல்ல கூட்டிட்டுப் போன பூந்தமல்லி டாக்டர், எலும்புக்கு வெளிப்பக்கமா ப்ளேட் வெச்சு ஸ்க்ரூ போடணும்னாரு. மூட்டுக்குள்ள போன விரிசலை அது நல்லாப் பிடிச்சுக்குமாம். ஆனா பல வாரம் கால் ஊனக்கூடாது. இன்னொருத்தரையும் கேப்போம்னு போய்ப் பார்த்த அம்பத்தூர் டாக்டரோ, முட்டி வழியா எலும்புக்குள்ள ராடு விடலாம், சீக்கிரம் நிக்கலாம்னாரு. ஆனா முட்டிகிட்ட இருக்கற சின்னத் துண்டுகளை ராடு மட்டும் கெட்டியாப் பிடிக்காதாம். எது நல்லதுன்னு கேட்டா ரெண்டு பேருக்கும் ஒரே பதில்: "ரெண்டுமே நல்லதுதான் சார்." இப்படிச் சொன்னா மனுஷன் என்னடா பண்ணுவான்? உன் தங்கச்சி வேற கோயம்புத்தூர்லேர்ந்து வீடியோவா அனுப்பி, காலையில ப்ளேட்டு, சாயங்காலம் ராடுன்னு உயிரை எடுத்தா.

கடைசில நைனாவே அம்பத்தூர் டாக்டரைக் கேட்டாரு. "எத்த வேணா போடு சார். யார் கையயும் புடிக்காம நான் பாத்ரூம் போவணும். எதுல முடியும்?"

எங்க யாருக்கும் இதைக் கேக்கத் தோணலையே மச்சான்.

டாக்டர் எக்ஸ்ரேயை மறுபடி பார்த்தாரு. "எலும்பு ரொம்ப மெலிஞ்சிருக்கு. ரெண்டையும் சேர்த்தே போட்டா சீக்கிரம் ஊனலாம், தாங்கும். ஆனா ஆபரேஷன் கொஞ்சம் பெருசு பெரியவரே." அவ்ளோ சண்டைக்கு அப்புறம் ரெண்டுமா! எனக்குச் சுவத்துல முட்டிக்கலாம் போல இருந்துச்சு. நைனா தலையாட்டிட்டாரு.

ஆபரேஷன் தியேட்டர் வாசல்ல நர்ஸ் என்னைப் பார்த்து, "நீங்க இவருக்கு என்ன வேணும்?" னாங்க. உன்னோட படிச்சவன், உன் சிநேகிதன்னு நான் இழுக்கறதுக்குள்ள, ஸ்ட்ரெச்சர்ல படுத்துகினே அதட்டினாரு: "என் புள்ளம்மா. இன்னா கேள்வி கேக்குற?"

மறுநாளே வாக்கரைப் பிடிச்சு நின்னாரு. வலியில என்னைத் திட்டின திட்டு இருக்கே, எழுத முடியாது. வீட்டுக்கு வந்ததும் வாக்கரை மூலையில தள்ளிட்டுச் சுவத்தைப் பிடிச்சு நடக்கறாரு. கேட்டா முறைப்பு. நீயும் இப்படித்தானே? நெஞ்சு வலியை வெறும் கேஸ் ட்ரபிள்னு சொல்லிச் சொல்லியே... சரி, விடு.

உன்னை விட்ட மாதிரி இவரை விட மாட்டேன்டா. எவ்ளோ திட்டினாலும் சரி, கூடவே இருப்பேன்.

உன் மச்சான்,
டேவிட்