போனை உங்கள் பக்கம் திருப்புங்கள்

அன்புள்ள அப்பாவுக்கு, வணக்கம். முழங்கால் வலி தேவலையா? எனக்கு ஒரு குறையுமில்லை.

தினமும் வீடியோ காலில் டிவிக்கு நேரே போனைப் பிடித்து நீங்கள் காட்டும் சீரியலை, விடுதிச் சாப்பாட்டு அறையின் பெரிய திரையில் போட்டு எல்லோருமாகப் பார்த்துவந்தோம். நேற்று வார்டன் பார்த்துவிட்டார். "அனுமதியில்லாம இப்படிப் போட்டுக் காட்டுறது சட்டப்படி தப்புப்பா" என்று ஒயரைப் பிடுங்கிவிட்டார். திட்டோடு போயிற்று, சலவைக்கூட வேலைக்கு ஆபத்தில்லை. காசு கட்டிப் பார்க்கலாமென்றால், அந்தச் சேனல் இந்த நாட்டில் வராதாம்.

இனி டிவியைக் காட்டவேண்டாம். அதே நேரத்தில் கூப்பிட்டு, போனை உங்கள் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு பாருங்கள். வில்லி வந்தால் உங்கள் முகத்திலேயே தெரிந்துவிடும். எட்டு மாதமாக அவள் முகத்தைத்தானே பார்க்கிறேன்?

ஷிப்டுக்கு மணியடித்துவிட்டது, ஓடுகிறேன். டிவி பார்க்கும்போது விளக்கை அணைத்துவிடுவீர்களே, இனி அணைக்காதீர்கள்.

உங்கள் சின்னவன்