பெரியவரின் கடிவாளம்

ஜூன் 4, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். லாயத்துக் கூரை மூன்று இடத்தில் ஒழுகுகிறது, வாளி வைத்தாயிற்று. சேணத்துக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது டாக்டரம்மா வந்தார். பெண்குதிரை மகாராணியின் பல்லைப் பார்க்கத்தான் வந்தவர், போகிற போக்கில் எங்கள் வயசான குதிரை பெரியவரின் கண்ணிலும் டார்ச் அடித்தார். மறுபடி அடித்தார். பிறகு முகத்துக்கு நேரே கையை விசிறினார். இமை அசையவில்லை.

வலது கண் போய் ஒரு வருஷம் ஆகிறது, அது எல்லாருக்கும் தெரியும். இப்போது இடதும் போய்விட்டதாம். "ஒரு மாசமாவது இருக்கும்மா. உனக்குத் தெரியலையா?"

தெரியலையே! அந்த ஒரு மாசமும் நான்தானே ஓட்டினேன். குன்றுப் பாதையில் தினம் இரண்டு நடை, வண்டியில் நாலு பேர், இடது பக்கம் பள்ளம். கண் தெரிந்த நான் லகானைப் பிடித்துக்கொண்டு சொகுசாக உட்கார்ந்திருந்தேன். கண் தெரியாதவர் எங்கள் ஐந்து உயிரையும் மேலே கொண்டுபோய்க் கீழே கொண்டுவந்திருக்கிறார். ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை.

ஜூன் 5

அண்ணன் முடிவு சொல்லிவிட்டான். "கண்ணு தெரியாத குதிரையைப் பூட்டி ஆளுங்கள ஏத்தறது கொலைக்குச் சமம். மாசக் கடைசில ஒருத்தன் வருவான், கூட்டிட்டுப் போயிடுவான்."

எங்கே என்றேன். கேட்காதே என்றான். லாயத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

ஜூன் 6

அண்ணனோடு பேச்சு இல்லை. பெரியவர் வழக்கம்போல என் பையில் காரட் தேடினார்.

ஜூன் 9, ஞாயிறு

அழுது என்ன ஆகப்போகிறது? யோசித்தேன்.

போன வாரம் பெரியவரை ஒற்றையாகப் பூட்டியபோது குழாயடித் தூணில் இடித்தார். "கண்ணு என்ன பொடனிலயா இருக்கு?" என்று திட்டினேன். பாவி நான். ஆனால் குன்றுப் பாதையில் எதிலும் இடித்ததில்லை. ஏன்?

அந்தப் பாதை குறுகல். இரண்டு குதிரையை ஜோடியாகப் பூட்ட இடம் போதாது, ஒன்றன்பின் ஒன்றாகத்தான் பூட்டுவோம். பெரியவர் பின்னால், வண்டியிலிருந்து நீளும் இரண்டு ஏர்க்கால்களுக்கு நடுவே. மகாராணி முன்னால். அவளுக்கு ஏர்க்கால் கிடையாது. அவள் இழுக்கிற நீளமான தோல் இழுவார் இரண்டும் பெரியவரின் சேணத்தில் கொக்கி போட்டிருக்கும். அந்த வார் எப்போது இறுகுகிறது, எப்போது தளர்கிறது என்பதை வைத்தே மேடு எது, வளைவு எது என்று படித்திருக்கிறார் மனுஷர். மனுஷர் என்றா எழுதினேன்? இருந்துவிட்டுப் போகட்டும்.

அண்ணனிடம் போய் நின்றேன். ஒற்றையாகப் பூட்டவே வேண்டாம், மகாராணிக்குப் பின்னால் மட்டும் என்றேன். அவன் மோவாயைச் சொறிந்தான்.

"பத்து நடை. ஆளுக்குப் பதிலா மணல் மூட்டை. உங்க அண்ணி கூட வரணும். ஒரு தப்பு நடந்தாலும் அத்தோட சரி. என்கிட்ட மறைக்கவும் கூடாது."

ஜூன் 12

முதல் நடை. அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தான். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் பல் முளைப்பதற்குள் மனப்பாடம் செய்கிற வரிசை இது. முதலில் லகான், அப்புறம் இழுவார், கடைசியில் பின்தொடை வார். கழற்றும்போது தலைகீழ். பின்குதிரையை முதலில் பூட்டவேண்டும், முன்குதிரையை முதலில் அவிழ்க்கவேண்டும். லகான் எப்போதும் யாராவது ஒருவர் கையில் இருக்கவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று: வண்டி பூட்டியிருக்கும்வரை தலையில் மாட்டிய கடிவாளத்தைக் கழற்றவே கூடாது. கழற்றினால் கண்பட்டையும் கூடவே வந்துவிடும், பின்னால் நிற்கிற சக்கரத்தைப் பார்த்துக் குதிரை மிரளும்.

மகாராணியின் முகவாரைப் பிடித்து நிற்பது அண்ணியின் வேலை. பயமா என்று கேட்டேன். "இருபது வருஷமா உங்கண்ணனையே பிடிச்சு நிறுத்திட்டிருக்கேன். இவ என்ன பெரிய இவளா?" என்றார்.

மகாராணியின் லகான்கள் பெரியவரின் கடிவாளத்து வளையங்களுக்குள் புகுந்துதான் என் கைக்கு வருகின்றன. நாலு லகானும் இடது கையில், சாட்டை வலது கையில். "போலாம்" என்றேன். போனார்.

ஜூன் 13

இரண்டாவது நடை. குறையொன்றும் இல்லை.

ஜூன் 17

ஐந்து முடிந்தது. இன்று வேண்டுமென்றே லகானைத் தளரவிட்டு அவரையே கவனித்தேன். கொண்டை ஊசி வளைவில் மகாராணி திரும்பிவிட்டாள். பெரியவர் உடனே திரும்பவில்லை. எண்ணி மூன்று எட்டு நேரே வைத்து, அப்புறம் திரும்பினார். உடனே திரும்பியிருந்தால் உள்பக்கச் சக்கரம் பாறையில் ஏறியிருக்கும். பின்னால் சக்கரம் வருகிறது என்பதை யார் அவருக்குச் சொன்னார்கள்? நான் சொல்லவில்லை. இருபத்திரண்டு வருஷமாக ஓட்டுகிறேன், இன்றுதான் வாயைப் பிளந்தேன்.

ஜூன் 21, வெள்ளி

எழுதக் கை வரவில்லை. எழுதித்தான் ஆகவேண்டும்.

எட்டாவது நடை. உச்சியில் நிறுத்தினேன். மழைச்சேறு தெறித்துப் பெரியவரின் இடது கண்ணில் ஒட்டியிருந்தது, ஈரக் கண்பட்டை அதைப் போட்டு அரக்கியது. லகானைச் சேணத்தில் செருகிவிட்டு இறங்கினேன். முதல் தப்பு. அப்புறம் என் மேதாவித்தனம் — கண்ணே தெரியாதவர் சக்கரத்தைப் பார்த்து எப்படி மிரளுவார்? ஒரு நிமிஷம்தானே? "நில்லுங்க" என்று சொல்லிவிட்டுக் கடிவாளத்தை உருவினேன்.

உருவின பிறகுதான் உறைத்தது. மகாராணியோட லகானும் அந்த வளையத்துலதானே இருக்கு! நாலும் சேறோடு சேறாக் காலடியில விழுந்து கிடக்கு. அதே நேரம் பார்த்து உச்சியில் இருக்கிற டீக்கடைக்காரன் தார்ப்பாயை உதறினான். மகாராணி எம்பினாள். அண்ணி ஒரு பக்கம் உருண்டார். அவள் அப்படியே சுழன்று பெரியவர் முகத்துக்கு நேரே நின்றாள். இழுவார் அவர் முன்னங்காலைச் சுற்றிக்கொண்டது. அவள் குளம்பு அவர் மார்பில் பட்டது. ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை.

இடது சக்கரத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவே ஒரு முழம் இருந்திருக்கும். அவர் தலையில் ஒன்றுமே இல்லை. கடிவாளம் இல்லை, லகான் இல்லை, கண்ணும் இல்லை. இழுத்துப் பிடிக்க என்னிடம் எதுவும் இல்லை. மார்பில் ரத்தம் வழிகிறது, தோல் முழுக்க நடுங்குகிறது. ஒரு எட்டு, ஒரே ஒரு எட்டு பின்னால் வைத்திருந்தால் போதும்.

வைக்கவில்லை. நின்றார். நில்லுங்க என்று நான் சொல்லியிருந்தேன், அதனால் நின்றார்.

அண்ணி தவழ்ந்து வந்து கொக்கியை விடுவித்து மகாராணியை விலக்கினார். நான் கடிவாளத்தை மாட்டினேன். மூன்று தடவை வாயைத் தவறவிட்டேன். அவரே தலையைத் தாழ்த்தி வாங்கிக்கொண்டார்.

இறங்கி வரும்போது அண்ணி சொன்னார்: "மேல ஒண்ணும் நடக்கல. எனக்கு வழுக்கி விழுந்து சிராய்ச்சிடுச்சு, பெரியவருக்கு மார்புல பாறை கீறிடுச்சு, அவ்வளவுதான். சொல்லலைன்னா அவருக்குத் தெரியவா போகுது?"

ஜூன் 22

சொல்லிவிட்டேன். சொல்லாமல் விட்டால் பெரியவர் பிழைப்பார். ஆனால் அவர் நின்ற நிலையை யாருக்கும் சொல்லாமல் எப்படி விழுங்குவது? அண்ணனைத் தவிர அதன் அருமை யாருக்குப் புரியும்? ஒன்றுவிடாமல் சொன்னேன். கடிவாளத்தை உருவினதையும்தான்.

அவன் கத்துவான் என்று நினைத்தேன். "அசையவே இல்லையா?" என்றான். இல்லை என்றேன். "மகாராணி உதைச்சப்பவும்?" இல்லை. எழுந்து லாயத்துக்குப் போனான். மார்புக் காயத்தைப் பார்த்தான், காலைத் தூக்கிப் பார்த்தான். குதிரையின் கழுத்தில் நெற்றியை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். அண்ணன் அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

திரும்பி வந்து கையை நீட்டினான். "சாட்டையக் குடு."

"அண்ணா, அவரை அனுப்பிடாதே..."

"தப்பு பண்ணது நீ. குதிரை ஏன் போகணும்? ஒரு வருஷம் நீ வண்டியில ஏறி உக்காரக் கூடாது. மகாராணி மூஞ்சியப் பிடிச்சுக்கிட்டு நில்லு."

கொடுத்துவிட்டேன். அவமானமாகத்தான் இருந்தது. உள்ளே வந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு சந்தோஷத்தில் அழுதேன்.

ஜூன் 30

அந்த ஆள் வந்தான். அண்ணன் டீ கொடுத்து அனுப்பிவிட்டான்.

ஜூலை 14, ஞாயிறு

காயம் ஆறி, மீதி நடைகளையும் முடித்து, இன்றுதான் மறுபடி ஆட்களை ஏற்றினோம். அண்ணன் ஓட்டினான். அண்ணி சமையலறைக்குத் திரும்பிவிட்டார். "குதிரை குப்புறத் தள்ளினது போதாதுன்னு குழியும் வெட்டறதுக்குள்ள ராஜினாமா பண்ணிட்டேன்" என்கிறார்.

நான் மகாராணியின் முகத்தருகே நடந்து போனேன். ஏறுவது மூச்சு வாங்குகிறது. ஆனால் இருபத்திரண்டு வருஷமாக நான் பார்த்ததெல்லாம் பெரியவரின் பின்புறம்தான். வேலை செய்கிறபோது அவர் முகம் எப்படி இருக்கும் என்று இன்றுதான் தெரிந்தது. ஒரு காது மகாராணியின் குளம்புச் சத்தத்துக்கு, மற்றது பின்னால் அண்ணனுக்கு. வளைவு வந்ததும் நடு நெற்றியில் ஒரு சுருக்கம் விழுகிறது, எண்ணுகிறார் போல. மூன்று எட்டு. அப்புறம் திரும்பினார்.

வண்டியில் ஒரு அம்மா, "குதிரைக்குப் பாதை நல்லாப் பழகியிருக்கு, இல்ல?" என்றார். "ஆமாம்மா" என்றான் அண்ணன்.

லாயத்து வாசலில் "நில்லுங்க" என்றேன். மகாராணியை முதலில் அவிழ்த்தேன். அப்புறம் பெரியவரின் பின்தொடை வார், இழுவார், லகான். அண்ணன் வண்டியைப் பின்னால் இழுத்துப் போய் நிறுத்தியதைக் கண்ணால் பார்த்துவிட்டுக் கடைசியில் கடிவாளத்தைக் கழற்றினேன். சேணத்தைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனேன். ஆணியில் மாட்டிவிட்டுத் திரும்பினால் அவர் விட்ட இடத்திலேயே நிற்கிறார். உடம்பில் ஒரு வார்கூட இல்லை. தண்ணீர்த் தொட்டி பத்தடியில் இருக்கிறது, தாகம் வேறு.

நான் சொல்ல மறந்துவிட்டேன். ஓடிப்போய் "போலாம்" என்றேன். அதற்குப் பிறகுதான் காலை எடுத்து வைத்தார்.