ஆட்டையாம்பட்டித் துண்டும் பாதி விலை லென்ஸும்

இன்று காலை லென்ஸ் அலமாரியிலிருந்து அந்தத் துண்டை வெளியே எடுத்தேன். ஆட்டையாம்பட்டியில் நீ வாங்கி வந்த, சிவப்புக் கட்டம் போட்ட துண்டு. இரண்டு வருடமாக மடித்தே கிடந்ததால் எவ்வளவு உதறியும் மடிப்பு போகவில்லை. ஒரு மிரர்லெஸ் கேமராவை வாடகைக்கு எடுத்து வந்திருக்கிறேன். வாங்குவதா வேண்டாமா என்று இரண்டு நாளில் முடிவு செய்தாக வேண்டும். இந்தத் துண்டை விட்டால் வேறு எதை வைத்துச் சோதிப்பது?

ஃபேர்லேண்ட்ஸில் நாம் ஸ்டூடியோ போட்ட புதிதில், லென்ஸ் வாங்குகிறவர்கள் செங்கல் சுவரையோ செய்தித்தாளையோ படமெடுத்துப் பார்ப்பார்கள். நமக்குத் துண்டு. நீ அதைக் கழுத்துக்குக் கீழே, உடம்பிலிருந்து ஒரு சாண் முன்னால் இரண்டு கைகளாலும் விரித்துப் பிடித்தபடி ஜன்னலோரம் நிற்பாய். எந்த லென்ஸ் என்று பெரிய எழுத்தில் சீட்டெழுதி அதில் குத்தி வைப்பேன். பிறகு படத்தைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கி, நடுவில் நூல் தெளிவாக இருக்கிறதா, ஓரத்தில் கரைகிறதா என்று இரண்டு பேரும் மூக்கு முட்டப் பார்ப்போம்.

கேமரா பாடியில் போடும் காசு மூன்று வருடத்தில் பாதியாகிவிடும், லென்ஸில் போடுவது நிற்கும் என்பதில் நமக்குள் தகராறு இல்லை. எந்த லென்ஸ் என்பதில்தான் எல்லாச் சண்டையும். கேமரா கம்பெனியே செய்த எண்பத்தைந்து எம்எம் லென்ஸ் வேண்டும் என்றேன் நான். வெளிக் கம்பெனி அதையே பாதி விலைக்குத் தருகிறது என்று நீ ஒன்றைத் தூக்கி வந்தாய். பிடிக்காவிட்டால் ஒரு வாரத்தில் திருப்பித் தரலாம் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார்.

எத்தனை முறை எடுத்தும் துண்டு மங்கலாகவே வந்தது. துண்டில் விழ வேண்டிய ஃபோகஸ் பின்னால் போய் விழுந்தது. திருப்பிக் கொடு என்றேன். நீ விடவில்லை.

"ஏன்டா மாப்ள, கண்ணாலத்துல எவன் நூலு எண்றான்? மூஞ்சி நல்லா வந்தாப் பத்தாதா?"

கடைசியில் என் பிடிவாதம்தான் ஜெயித்தது. நீயே பைக்கில் போய்த் திருப்பிக் கொடுத்தாய். இரட்டை விலை கொடுத்து நான் சொன்னதை வாங்கினோம். அதனால் நீ கேட்டிருந்த இரண்டாவது ஃபிளாஷை அந்த வருடம் வாங்க முடியவில்லை. சின்ன விஷயத்தைக்கூடச் சொல்லிக்காட்டி உயிரை எடுக்கிறவன், அதை மட்டும் சொல்லிக்காட்டவே இல்லை.

இரண்டு வருடத்துக்கு முன் நெஞ்சு வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போன நீ திரும்பவில்லை. மூன்றாம் நாள் உன் ஊர் புதுச்சத்திரத்திலிருந்து உன் மனைவி போன் செய்தார்.

"ஏனுங்கண்ணா, மாலை போடறதுக்கு அவரு படம் ஒண்ணு வேணுமுங்க. ஆதார்ல இருக்கறது அவராட்டவே இல்லீங்க."

சாயங்காலம் கொண்டு வருகிறேன் என்று தைரியமாகச் சொல்லிவிட்டேன். பன்னிரண்டு வருடம் ஒன்றாகத் தொழில் செய்திருக்கிறோம், ஒரு படமா இருக்காது? மத்தியானம் வரை தேடினேன். கல்யாணங்களில் எல்லாம் நீ கேமராவுக்குப் பின்னால் இருந்தாய். மிச்சம் இருந்தவை துண்டுப் படங்கள்தான். நூற்றுக்கணக்கில். துண்டில் நூலை எண்ணலாம். அதற்கு மேலே கலங்கிப்போன ஒரு முகம். துண்டைக் கீழே போடு, உன்னை ஒன்று எடுக்கிறேன் என்று ஒருநாள்கூட நான் சொன்னதில்லை. அன்றைக்கு என் மீதே எனக்கு அவ்வளவு ஆத்திரம் வந்தது.

கடைசியாகத் திறந்தது, திருப்பிக் கொடுத்த லென்ஸில் எடுத்தவை. துண்டு வெறும் சிவப்புக் கலங்கல். அதற்கு மேலே நீ இருந்தாய். இமை முடி ஒவ்வொன்றும் தெரிந்தது. தாடையில் சவரம் செய்தபோது பட்ட கீறல் தெரிந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாய். ஃபோகஸ் ஒரு சாண் பின்னால் தள்ளி, நேராக உன் முகத்தில் விழுந்திருந்தது. இன்றைக்குக் கேட்டாலும் அது பழுதான லென்ஸ் என்றுதான் சொல்வேன். ஆனால் உன்னை எடுத்தது அது மட்டும்தான்.

பெரிதாகப் பிரிண்ட் போட்டேன். தாடைக்குக் கீழே என் சீட்டும் மங்கலாக, ஆனால் படிக்கும்படியே வந்திருந்தது: 'வெளிக் கம்பெனி 85, பாதி விலை'. மாலை போடும் படத்தில் இது எதற்கு, வெட்டித் தருகிறேன் என்றேன். உன் மனைவி சம்மதிக்கவில்லை.

"வெட்டாதீங்கண்ணா. உங்க எழுத்துத்தானுங்களே, இருக்கட்டும்."

அப்படியே சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். வருகிறவர்கள் என்ன பாதி விலை என்று கேட்கிறார்களாம்.

இந்தப் புதுக் கேமரா எதிரே ஆள் இருந்தால் தானாகவே கண்ணைத் தேடிப் பிடிக்கிறது. இடையில் ஒரு அடாப்டர் மாட்டினால் பழைய லென்ஸ்களும் இதில் ஒழுங்காக வேலை செய்கின்றன. அதனால் பாடி மட்டும் வாங்கப் போகிறேன். அடுத்த லென்ஸ் வெளிக் கம்பெனியுடையதாகவே இருக்கட்டும். நீ சொன்னதை இந்த முறையாவது கேட்கிறேன்.

காலையில் பிடிக்க ஆள் இல்லாமல் துண்டை லைட் ஸ்டாண்டில் மாட்டித்தான் எடுத்தேன். நூல் ஓரம் வரை துல்லியமாக வந்திருந்தது. பெரிதாக்கிப் பார்த்துவிட்டு முழுப் படத்துக்குத் திரும்பியபோதுதான் கவனித்தேன். துண்டுக்கு மேலே, உன் தலைக்கு இடம் விட்டே எடுத்திருக்கிறேன்.