பத்து இருபதுக்குத் திரும்பிய பாலம்

மச்சான்,

உன் மனைவி எனக்கென்று தந்த உன் குளிர்ச்சட்டையை இன்றுதான் போட்டேன். உள்பைக்குள் ஒரு கடதாசித் துண்டு. ‘பாலம் திரும்பும் நேரம், சனி காலை பத்து இருபது’ என்று உன் எழுத்து. வேலைக்குப் போகாமல் மோர்டென்ஸ்ருட்டில் என் வீட்டுப் படியிலேயே இருந்துவிட்டேன்.

ஊரில் இயந்திரம் பூட்டும் பிற்றராக இருந்த நீ ஒஸ்லோவில் என்னோடு பள்ளிக்கூடம் துடைத்தாய். இடைவேளைகளில் உனக்கு இங்கிலாந்தின் நியூகாசில் ஆற்றுப் பாலத்தின் கதைதான். விக்டோரியா ராணி காலத்து இரும்புப் பாலம். கப்பல் வந்தால் நடுத்தூணில் நின்றபடி திரும்பி வழிவிடும்.

"ஒருக்கால் கண்ணாலை பாக்கவேணும் மச்சான். பிறகு சாகலாம்."

அந்த நகரத்திலேயே என் தங்கை மகள் பெரியபிள்ளையாகிச் சாமத்தியவீடு வந்தது. பெர்கன் துறைமுகத்தில் கப்பலேறினோம். நான் தாய்மாமன், நீ வீடியோக்காரன். போன அன்றே பாலத்தடிக்குப் போய் நேரம் விசாரித்து வந்தாய். சடங்கு நாளான சனிக்கிழமை காலை இதே சட்டையோடு வாசலில் நின்றாய். நான்தான் மறித்தேன்.

"நல்ல நேரம் பத்தரையோடை முடியுது. நீ போனா ஆர் வீடியோ எடுக்கிறது?"

"ஓம், ஓம். பாலம் எங்கை ஓடப்போகுது?" என்று சட்டையைக் கழற்றினாய்.

பிள்ளையின் தலையில் பாலறுகு வைக்கப் போனால், பாலில் தோய்க்க அறுகம்புல் இல்லை. கொண்டுவர வேண்டியவன் நான். ஒஸ்லோவில், குளிர்ப்பெட்டிக்குள் விட்டுவிட்டு வந்திருந்தேன். அறுகு இல்லாமல் பிள்ளையின் தலையில் கைவைக்கக் கூடாது என்று தங்கையின் மாமியார் ஒற்றைக்காலில் நின்றார். தங்கையின் கணவன் தமிழ் வீடுகளாக அலைந்து கொண்டுவந்தபோது பதினொன்றேகால். நல்ல நேரமும் போய், உன் பாலமும் போய்விட்டது. நீ வீடியோவை மறுபடி தோளில் வைத்தாய். திரும்பும் கப்பலில், "பிள்ளை வடிவாச் சிரிச்சவள்" என்றாய்.

அடுத்த கோடைக்குப் போவோம் என்றேன். அதற்குள் நெஞ்சுவலி முந்திக்கொண்டு உன்னைக் கொண்டுபோனது. இப்போது அந்தக் கப்பலும் ஓடுவதில்லை.

துண்டைக் கண்டபின் அந்த வீடியோ நாடாவைத் தேடிப் போட்டேன். அறுகுக்காக எல்லோரும் சும்மா இருக்கிறோம். படத்தின் மூலையில் நேரம் பத்து இருபது. தூரத்தில் கப்பல் ஊதுகிறது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. படம் மட்டும் எங்களை விட்டு மெல்ல நகர்ந்து சன்னலுக்குப் போகிறது. வெளியே எதிர்வீட்டுச் சுவர். அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நிற்கிறது. பிறகு எங்களிடம் வருகிறது.

வெட்கமாக இருக்கிறது மச்சான். சட்டையை நான்தான் போடுகிறேன். துண்டை எடுத்த பையிலேயே வைத்துவிட்டேன்.