பெடலை மிதித்தது நான்தான், ரங்கா

என் அருமை ரங்கா,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. உயிரோடு இருந்தபோது சொல்லத் துப்பில்லாதவன் இப்போது கடிதம் எழுதுகிறான் பார் என்று சிரிப்பாய். சிரித்துக்கொள். திட்டினாலும் கேட்டுக்கொள்கிறேன்.

முதலில் நம் மெல்லிசைக் குழுவின் சங்கதி. செல்வம் அண்ணன் அதை அதே அழகில்தான் நடத்துகிறார். ஏழு மணிக் கச்சேரிக்கு ஆறே முக்காலுக்கு வேன் அனுப்புகிறார். துறையூரில் அந்தச் சின்ன மண்டபத்துக்கு மறுபடி கூப்பிட்டார்கள், போய் வந்தோம். நீ உட்காரும் பக்கத்தில் இப்போது ஸ்பீக்கரை வைக்கிறார்கள். அந்தப் பக்கம் திரும்பாமலே வாசிக்கப் பழகிவிட்டேன்.

பதினாறு வருஷம் நான் பேஸ் கிட்டார், நீ லீட் கிட்டார். பாட்டில் நல்ல இடம் வந்தால் நான் கீழே வாசிப்பதையே நீ ஒரு ஸ்தாயி மேலே கூடவே வாசிப்பாய். இரண்டும் ஒரே வாத்தியம் மாதிரிக் கேட்கும். கல்யாண வீட்டில் பந்திக்கு ஓடுகிற அவசரத்தில் அதை எவன் கவனித்தான்? நாம் இரண்டு பேர் கவனித்தோம். எனக்கு அது போதுமாக இருந்தது.

போன வருஷம் நான் அந்த ஆக்டேவ் பெடலை, அந்தக் கையகலப் பெட்டியை, வாங்கினேன். காலால் ஒரு மிதி, அவ்வளவுதான். நான் வாசிக்கிற ஸ்வரத்தோடு அதன் மேல் ஸ்தாயியும் சேர்ந்து வந்துவிடும். துறையூர் மேடையில் ஏழு பேரும் இடித்துக்கொண்டு உட்கார்ந்து வாசித்துவிட்டு வந்த மறுநாள், செல்வம் அண்ணன் என்னிடம், "ஒரு ஆளைக் குறைக்கணும்ப்பா, யாரைன்னுதான் தெரியல" என்றார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சோலோவெல்லாம் கீபோர்டு பாத்துக்கும்ணே. ரங்கா என்கூட வாசிக்கிறத இந்தப் பெட்டியே வாசிச்சுடும்."

பெருமைக்குச் சொன்னேன். புதுச் சாமான் வாங்கியவன் வாய் சும்மா இருக்குமா? ஆனால் அவர் "அப்ப சரி" என்று எழுந்தபோது நான் அவரைத் தடுக்கவில்லை. அதற்கு எந்தச் சாக்கும் கிடையாது.

"கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்க தம்பி" என்று மட்டும் உனக்குப் போன் செய்தாராம். ஏன் என்று நீ கேட்கவில்லை. கேட்டுத் தொலைத்திருக்கலாமே, ரங்கா?

இரண்டு வாரம் கழித்துக் காட்டூருக்கு, என் வீட்டுக்கு வந்தாய். அந்தப் பெட்டி மேடையில் என் மானத்தை வாங்கிக்கொண்டிருந்த சமயம். கம்பி மாறும்போதெல்லாம் தொண்டையில் சளி கட்டியது போலக் கரகரத்தது. நான் கடைக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தேன். நீ என்னை வாசிக்கச் சொல்லிக் கண்ணை மூடிக் கேட்டாய்.

"பெட்டில கோளாறு இல்ல மச்சான். அடுத்த கம்பிக்குப் போறப்ப முந்தின கம்பிய அடக்காம விட்டுடற. அது ரெண்டையும் சேத்துக் கேட்டுட்டு எதைப் புடிக்கிறதுன்னு முழிக்குது."

"பதினாறு வருஷமா இப்படித்தானடா வாசிக்கிறேன்."

"நான் கூட வாசிச்சப்ப அது வெளிய தெரியல."

நீ குத்திக்காட்டவில்லை. உள்ளதைச் சொன்னாய். என் இடது கையைப் பிடித்து, மற்ற விரல்களைக் கம்பிமேல் லேசாகப் படரவிட்டு அடக்குவது எப்படி என்று காட்டினாய். பத்தே நிமிஷத்தில் கரகரப்பு நின்றுவிட்டது. உன் இடத்துக்கு வந்த பெட்டி அது என்று உனக்குத் தெரியுமா? தெரிந்துதான் சரிசெய்து கொடுத்தாயா? உன்னை வழியனுப்ப வாசல் வரை வந்தேன். சொல்ல வேண்டியது நாக்கு நுனி வரை வந்தது. "சத்திரம் பஸ் வருது, ஓடு" என்றுதான் சொன்னேன்.

அதற்குப் பிறகு மூன்று மாதம்கூட நீ இல்லை. மாரடைப்பு என்று போன் வந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீரங்கத்துக்குப் போனேன். உன் கிட்டாரை என்ன செய்வது என்று கேட்பதற்காக வைதேகி வரச் சொல்லியிருந்தாள். கல்யாணமான புதிதில் அவள் என்னை அண்ணா என்று கூப்பிட்டதால்தானே நீ என்னை மச்சான் ஆக்கினாய்? இன்னும் அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

"ஒண்ணு கேக்கணும் அண்ணா. அவர் வாசிப்பு கெட்டுப் போயிடுத்தா?"

"யாரும்மா அப்படிச் சொன்னா?"

"அவரேதான். கை போயிடுத்து வைதேகி, அதான் நிறுத்திட்டான்னு சொல்லிண்டே இருந்தார். டாக்டர்ட்ட காமிச்சார். ஒண்ணுமில்லைன்னு சொல்லியும் நம்பலை. தினம் கார்த்தால எழுந்து ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வாசிச்சுண்டிருப்பார். ஜோசப்புக்குத் தெரியும், என் மனசு நோகக் கூடாதுன்னுதான் சொல்ல மாட்டேங்கறான்னார்."

ரங்கா, என் கோழைத்தனத்துக்கு நீ வைத்த பெயர் அதுவா?

"மேடை சின்னதும்மா" என்றேன் அவளிடம். அவள் தலையை ஆட்டிவிட்டுக் காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவள் நம்பவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் அழுதேன். டிக்கெட் கேட்டு கண்டக்டர் இரண்டு முறை தோளைத் தட்ட வேண்டியிருந்தது.

உன் கைக்கு ஒன்றும் ஆகவில்லையடா. கடைசியாக நாம் சேர்ந்து வாசித்த அந்தத் துறையூர்க் கச்சேரியில்கூட என் தப்பையெல்லாம் மூடிக்கொண்டு போனது உன் கைதான். அந்தக் கையை நீயே சந்தேகப்பட்டுக்கொண்டு சாகும்படி விட்டுவிட்டேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மறுபடி போகிறேன். வைதேகியின் எதிரில் உட்கார்ந்து, "அவன் வாசிப்புல ஒரு குறையும் இல்லம்மா, அவன் இடத்தைப் பிடுங்கினது நான்தான்" என்று சொல்லப் போகிறேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு. அதைக் கேட்ட பிறகு அவள் என்னை அண்ணா என்று கூப்பிடாமல் போகலாம். போகட்டும். உன் கையைப் பற்றி அந்த வீட்டில் இனி யாருக்கும் சந்தேகம் இருக்கக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை வரைக்குமாவது
உன் மச்சான்,
ஜோசப்