ஏழாம் எண் பேருந்தில் அப்பா

ஸ்தவாங்கர்,
ஆகஸ்ட் 19

என் அன்பு சுன்னிவாவுக்கு,

அம்மா எழுதுவது. ஹோபார்ட்டில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் நலம். அப்பாவும் நலம் என்று வழக்கமாக எழுதிவிடுவேன், இந்தத் தடவை அதற்குக் கை வரவில்லை. பிள்ளைக்கு இருமல் விட்டதா, நான் பின்னி அனுப்பிய கம்பளிச் சட்டை அளவாக இருக்கிறதா, நீ ஒன்றுமே சொல்லவில்லை. இங்கே கோடை முழுக்கச் சுற்றுலாக் கப்பல்தான். ஒன்று போனால் ஒன்று, பத்து மாடி, பன்னிரண்டு மாடி என்று நம் சந்தின் முனையில் வந்து நின்று வெயிலை மறைக்கிறது. இறங்குகிறவர்கள் நேராக நம் தெருவுக்குத்தான் வருகிறார்கள். நான் மீன் உருண்டை பிடிப்பதைக்கூட ஜன்னல் வழியாக ஒருத்தி படம் எடுத்துக்கொண்டு போனாள். பக்கத்து வீட்டு தூர்திஸ், நாம என்ன கண்காட்சிப் பொம்மையா என்று முணுமுணுத்துக்கொண்டே திரையை இழுத்து விட்டுவிட்டாள்.

உன் அப்பாவுக்கோ கப்பல் வந்தால் வீட்டில் இருப்புக் கொள்ளாது. காலமெல்லாம் அந்தத் துறையில் வந்து நிற்கும் கப்பல்களின் கயிற்றைப் பிடித்துக் கட்டிய மனிதர், சங்கு ஊதினால் கால் தானாக நடக்கிறது. போன வியாழக்கிழமை நான் கொல்லையில் துணி உலர்த்திவிட்டு வருவதற்குள் ஆள் இல்லை, கதவு திறந்து கிடக்கிறது. ஓடினேன். துறையில் எள் விழ இடமில்லாத கூட்டம். நான் முதலில் தேடிப் பார்த்தது தண்ணீரைத்தான், உன்னிடம் அதை மறைக்க மாட்டேன். காவல்காரப் பையனிடம் நீல ஜாக்கெட் போட்ட வயசானவர் என்று சொன்னால், இங்க பாதிப் பேர் அப்படித்தாம்மா இருக்காங்க என்கிறான். தூர்திஸ் ஒரு பக்கம், போலீஸ் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். மத்தியானம் வரை சோறு தண்ணி இல்லாமல் அலைந்தோம்.

கடைசியில் ஊர் சுற்றிக் காட்டப் போன பேருந்துகள் திரும்பி வந்தன. அதில் ஒன்றிலிருந்து இறங்குகிறார் உன் அப்பா, நெஞ்சில் ஏழு என்று வட்டச் சீட்டு ஒட்டியிருக்கிறது. எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. காலையில் வரிசைக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறார், வழிகாட்டிப் பெண் சீட்டை ஒட்டி ஏற்றிவிட்டாள். கேட்டதுக்கெல்லாம் தலையாட்டினாருங்க, கப்பல்ல வந்தவர்னே நெனச்சுட்டேன் என்று அவள் அழாத குறையாகச் சொன்னாள். பிறந்து வளர்ந்த ஊரையே வெளியூர்க்காரராகச் சுற்றிப் பார்த்திருக்கிறார். குளக்கரை, தேவாலயம், பாறையில் குத்தி நிற்கும் மூன்று வாள் சின்னம் எல்லாம். நான் சிரித்தே விட்டேன்.

ஓடிப் போய்க் கையைப் பிடித்தேன். தொப்பியைக் கழற்றி, நீங்க இந்த ஊருங்களா என்று கேட்டார். என்னைச் சீண்டுகிறார் என்று நினைத்து, ஆமாம், இந்த ஊர்தான் என்றேன். நல்ல ஊருங்க, எங்க வீட்டுக்காரி பெரித்தையும் கூட்டிட்டு வந்திருக்கணும், அவளுக்கு ரொம்பப் பிடிக்கும் என்றார். அப்புறம் என் கையை மெல்ல விலக்கிவிட்டு, கப்பல் கிளம்பிடும், வரேம்மா என்று ஏணிப்படியைப் பார்த்து நடந்தார். பயணி அட்டை இல்லாமல் காவல்காரப் பையன் ஏற விடவில்லை. விடுங்கப்பா, வீட்ல அவ தனியா காத்துக்கிட்டிருப்பா என்று அந்தப் பையனிடம் கெஞ்சினார், சுன்னிவா. நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். கப்பல் போய் மறைந்த பிறகுதான் என்னோடு வீட்டுக்கு வந்தார், அதுவும் விருந்தாளி மாதிரி, வாசலில் கால் துடைத்துக்கொண்டு.

அப்பாவை எங்கேயும் அனுப்பிடாதம்மா என்று கிறிஸ்துமஸ் அன்று போனில் நீ அழுதாய், நானும் அனுப்பமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். முதியோர் இல்லத்தில் ஓர் அறை காலியாக இருக்கிறது என்று நகராட்சியில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். இன்று காலை சரி என்று சொல்லிவிட்டேன். துறைமுகம் தெரியாத பக்கமாக அறை கேட்டிருக்கிறேன். திங்கட்கிழமை கூட்டிப்போகிறேன். கதவைப் பூட்டி வைத்து அவரை என்னால் பார்த்துக்கொள்ள முடியாது, தண்ணீரைத் தேடிப் பார்க்கிற தெம்பும் இனி எனக்கு இல்லை. உனக்குக் கோபம் வரும். வரட்டும். ஆனால் நேரில் வந்து கோபித்துக்கொள்.

உனக்கும் பிள்ளைக்கும் மாப்பிள்ளைக்கும் ஒரு குறையும் வரக்கூடாது என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். அங்கே இப்போது குளிர்காலம், காதை மூடாமல் வெளியே போகாதே. இங்கே வர டிக்கெட் எடுப்பதை மட்டும் தள்ளிப் போடாதே. என் பெயர் அவருக்கு நினைவிருக்கிறது, முகம்தான் போய்விட்டது. உன் முகம் இன்னும் இருக்கிறது, அதுவும் போவதற்குள் வந்துவிடு.

அன்பு முத்தங்களுடன்,
உன் அம்மா பெரித்